முற்றத்துப் பாயில் ஒரு கட்டுச் சீட்டு

மனிதர் கூடி வாழும் இயல்பினர். கூடுவதற்குச் சோறும் வேண்டும், சொல்லும் வேண்டும். சோற்றைப் பொறுத்தமட்டில் நம் காரைக்கால் வட்டாரத்து இல்லங்களில் என்றும் குறைவு கிடையாது. திருமணமாயினும், பெருநாளாயினும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்கு அளிக்கும் விருந்தாயினும், சஹன் வைத்து நால்வர் ஐவராகச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் இன்றும் நம்மிடையே உள்ளது. ஒரே தட்டில் பெரியவர் கையும் சிறியவர் கையும் சேர்கின்றன. ஆயின், உண்டு கை கழுவிய பின்னர் நிகழ்வதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஆண்கள் திண்ணைக்குச் செல்கின்றனர். பெண்கள் அடுப்படிக்குச் செல்கின்றனர். இளைஞர் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியோடு ஒதுங்குகின்றனர். குழந்தைகள் யாருடைய கைப்பேசி கிடைக்கும் என்று அலைகின்றனர். சஹனைச் சுற்றி ஒன்றாயிருந்த குடும்பம் அரை நாழிகையில் நான்காகப் பிரிந்துவிடுகிறது.

இந்தப் பிற்பகற் பொழுதுக்கு ஏற்ற விளையாட்டு எது என்பதே இக்கட்டுரையின் வினா. தமிழ்த் துறை மலரில் சீட்டு விளையாட்டைப் பற்றி எழுதலாமா என்று ஐயுறும் பெரியோரும் இருப்பர். அவர்தம் ஐயம் நியாயமானதே. அதற்கும் இக்கட்டுரையிலேயே விடை சொல்ல முயல்கிறோம். இது சீட்டைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. நம் வீட்டுத் தமிழைப் பற்றிய பேச்சும் ஆகும் என்பதை இறுதிவரை படிப்போர் உணர்வர்.

போலகத்தில் ஒரு பிற்பகல்

காளமேகப் புலவரின் பெயரோடு பிணைந்த திருமலைராயன்பட்டினத்தை அடுத்துள்ள சிற்றூர் போலகம். காரைக்காலிலிருந்து நாகூர் செல்லும் வழியில் உள்ள இவ்வூரில் எங்கள் பெரியும்மா வாழ்கிறார். அவருக்கு வயது 78. அவருடைய மகன் குடும்பத்தோடு பிரான்சில் இருக்கிறார். கடந்த ஆகஸ்டு விடுமுறையில் அக்குடும்பம் ஊர் வந்தபோது நாங்கள் அனைவரும் அங்குக் கூடினோம். எழுபத்தெட்டிலிருந்து ஏழு வரை எல்லா வயதினரும் வீட்டில் இருந்தனர்.

பகல் உணவுக்குப் பின் மழை பிடித்துக்கொண்டது. வெளியே செல்ல வழியில்லை. ஏழு வயதுப் பேரன் தன் பையிலிருந்து ஒரு சீட்டுக் கட்டை எடுத்து வந்து பெரியும்மாவின் மடியருகே வைத்தான். அவர் பாம்பைக் கண்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார். "சீட்டா? நம்ம வீட்டுலயா? எடுத்து உள்ள வையி" என்றார். பையனுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் முகத்தைப் படிக்க மொழி வேண்டியதில்லை அல்லவா? கட்டை எடுத்துக்கொண்டு தன் தாயின் பின்னே சென்று மறைந்துகொண்டான்.

அவர்கள் வந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. அந்த இரண்டு வாரங்களில் பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே நிகழ்ந்த உரையாடல், "சாப்பிட்டியா?" என்ற வினாவுக்கும் தலையசைப்புக்கும் மேல் வளரவில்லை. பெரியும்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. பேரனுக்குப் பேச்சுத் தமிழ் வராது. அவனாக நீட்டிய முதற் பொருள் அந்தச் சீட்டுக் கட்டுதான். அதையும் தட்டிவிட்டோமே என்ற உறுத்தல் அன்று எங்கள் அனைவர்க்கும் இருந்தது. எனினும் பெரியும்மாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஏனெனில் அவருடைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது.

அஞ்சுவதில் பொருள் உண்டு

எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியவர் சீட்டாட்டத்தில் நிலத்தை இழந்தவர். வைத்து ஆடிய பணம் போயிற்று; போனதை மீட்க ஆடியதில் நகை போயிற்று; பின்னர் வயலும் போயிற்று. அக்காலத்தில் பெரியும்மா சிறுமி. சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் கண்முன் வந்து நிற்பது அடகுக்குப் போன தம் தாயின் வளையல்தான். இத்தகைய கதை ஒன்றேனும் இல்லாத தெரு நம் வட்டாரத்தில் அரிது.

திருவள்ளுவர் சூதுக்கென்று தனியே 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவோடு சூதையும் சேர்த்து விலக்கியுள்ளது. சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. 1967இல் உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கொன்றில், ரம்மி என்பது பெரிதும் திறமையைச் சார்ந்தது என்றும், மூன்று சீட்டு ஆட்டங்களைப் போன்று வெறும் அதிர்ஷ்டத்தை நம்பியதன்று என்றும் வேறுபடுத்திக் காட்டிற்று. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றிற்று. மறைவில் கூடி ஆடிய ஆட்டம் கைப்பேசிக்குள் புகுந்து படுக்கையறைவரை வந்துவிட்ட காலத்தில் அச்சட்டம் எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இவற்றையெல்லாம் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். இங்கே கண்டிக்கப்படுவது உழைப்பின்றி ஒருவர் பொருளை மற்றொருவர் கவர்வதாகிய சூது. வண்ண அட்டையில் வரைந்த படத்தின் மீது மட்டும் குற்றம் ஏற்றுவது பொருந்தாது. பந்தயம் இல்லாத விளையாட்டைப் பற்றியும் மார்க்க அறிஞர்களிடையே பலவகைக் கருத்துகள் உள்ளன. பகடையைக் கடுமையாக விலக்குவோர் சதுரங்கத்தில் சற்று நெகிழ்வர். வேறு சிலர் இரண்டையுமே விரும்பார். அத்துறையில் தீர்ப்புச் சொல்ல நாம் தகுதியுடையோம் அல்லோம். ஆயின் வீட்டளவில் இரு நெறிகளை நாம் உறுதியாகச் சொல்லலாம். முதலாவது, காசு மட்டுமன்று, தோற்றவர் மிட்டாய் வாங்கித் தர வேண்டும் என்ற அளவிலும் பந்தயம் கூடாது. தொழுகைக்கு அழைப்பு வந்ததும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். இரண்டாவது, வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லையாயின் அவரை வற்புறுத்தலாகாது; அவரை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவர் ஆடுவதும் ஆகாது.

சீட்டு நமக்கு அயலானதா?

சீட்டு மேலைநாட்டார் கொண்டுவந்த கேடு என்று எண்ணுவோர் பலர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. துருக்கியின் இஸ்தான்புல் நகரத்துத் தோப்கபி அரண்மனையில் எகிப்திய மம்லூக்கியர் காலத்துச் சீட்டுக் கட்டு ஒன்று பாதுகாக்கப்படுகிறது. முழுமையாக இருந்தபோது அதில் 52 சீட்டுகள். நாணயம், கிண்ணம், வாள், போலோ மட்டை என நான்கு இனங்கள். உருவப் படங்கள் அதில் இல்லை. அரசன், துணைவன், இரண்டாம் துணைவன் எனப் பதவிப் பெயர்கள் மட்டும் எழுதப்பட்டுள்ளன. துணைவனைக் குறிக்கும் 'நாயிப்' என்ற அரபுச் சொல்லிலிருந்தே ஸ்பானிய மொழியில் சீட்டுக்குரிய பெயர் பிறந்தது என்பர் அறிஞர். பாபர் 1527இல் சிந்து நாட்டு ஷா ஹசனுக்கு அவர் விரும்பிக் கேட்டதற்கிணங்கக் கஞ்சிபா எனும் சீட்டுக் கட்டை அனுப்பிவைத்ததைத் தம் நினைவுக் குறிப்பில் பதிந்துள்ளார். அக்பர் அவையில் ஆடப்பட்ட சீட்டுகளை அபுல் பசல் தம் ஆயினி அக்பரியில் விரிவாக விளக்கியுள்ளார்.

நம் கடற்கரைக்கும் இதில் பங்குண்டு. ஊரில் ஆடுவோர் வாயில் வழங்கும் சொற்களைக் கேளுங்கள். 'இஸ்பேடு' என்கின்றனர், போர்த்துக்கீசிய மொழியில் 'எஸ்பாடா' என்றால் வாள். 'கிளாவர்' என்கின்றனர், அது டச்சுக்காரர் அதே இனத்துக்கு வழங்கும் பெயரை ஒத்தது. நமக்கு அண்மையிலுள்ள நாகப்பட்டினம் 1658 வரை போர்த்துக்கீசியர் கையிலும், பின்னர் 1781 வரை டச்சுக்காரர் கையிலும் இருந்தது என்பதை நினைவிற் கொண்டால் இச்சொற்கள் எவ்வழியே வந்திருக்கக்கூடும் என்பது விளங்கும். காரைக்காலோ 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1962இல் சட்டப்படியான மாற்றம் நிறைவுற்றபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பித் தேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள்தாம் இன்று ஆகஸ்டு மாதத்தில் பெட்டிகளோடு வந்து இறங்குவோரில் பலர். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் சொல்லை விட்டுச் சென்றனர். பிரெஞ்சுக்காரரோ நம் உறவினரையே கொண்டு சென்றுவிட்டனர்.

விளையாட்டைத் தேரும் முறை

இனி வினாவுக்கு வருவோம். வயது வேறுபட்ட பலர் கூடிய இடத்தில் விளையாட்டைத் தேர்வது எங்ஙனம்?

நம் மரபு விளையாட்டுகள் இருக்கச் சீட்டு எதற்கு என்று கேட்பர். நல்ல கேள்வி. பல்லாங்குழி அறிவுக்கும் விரலுக்கும் ஒருங்கே பயிற்சி தருவது. ஆயின் பதினான்கு குழிகளுக்கு இருவரே உரியர். ஆடுபுலி ஆட்டமும் அவ்வாறே. தாயத்தில் நால்வர் அமரலாம். ஆனால் தாயக்கட்டை உருட்டுவதை விரும்பாத பெரியோர் நம் இல்லங்களில் உளர். இவற்றைக் கைவிட வேண்டா. கூடத்தின் ஓரத்தில் இருவர் பல்லாங்குழி ஆடட்டும். ஆனால் எட்டுப் பேரும் பத்துப் பேரும் ஒரே வட்டமாக அமர வேண்டுமாயின் ஒவ்வொருவர் கையிலும் ஏதேனும் இருக்க வேண்டும். அதற்குச் சீட்டுப் போல் எளியது வேறில்லை.

சீட்டு ஆட்டங்களிலும் எல்லாம் எல்லார்க்கும் ஆகா. ரம்மிக்கு நினைவாற்றல் வேண்டும். பதின்மூன்று சீட்டைச் சிறுபிள்ளையின் கை தாங்காது. அந்தப் பெயரோடு பணத்தின் நிழலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் ஆடப்படும் முந்நூற்று நான்கு அழகிய ஆட்டம். அதில் ராஜாவுக்கு 3 புள்ளி, ராணிக்கு 2 புள்ளி, ஆனால் ஜாக்கிக்கு 30 புள்ளி; அரசனைவிடச் சேவகன் பத்து மடங்கு உயர்ந்தவன். இதை எங்கள் பெரியும்மாவின் மகனிடம் சொன்னபோது, பிரான்சில் ஆடும் பெலோத் ஆட்டத்திலும் துருப்பு இனத்தில் சேவகனுக்கும் ஒன்பதுக்கும்தான் முதலிடம் என்று வியந்தார். ஆயினும் இவை தேர்ந்தவர் நால்வர் ஆடுவதற்குரியவை. குழந்தை பக்கத்தில் அமர்ந்து வேடிக்கை பார்க்கலாமே தவிர ஆட இயலாது.

கழுதை ஆட்டம் குழந்தைகளுக்கு விருப்பமானது. அதில் கடைசிவரை சீட்டு தீராதவர் கழுதை. நண்பர்களுக்குள் அது வேடிக்கை. மாமனாரும் மருமகனும் அமர்ந்த இடத்தில் எவர் கழுதையானாலும் இடர்ப்பாடே. துண்டுக் காகிதங்களில் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதிக் குலுக்கிப் போடும் ஆட்டம் செலவற்றது. எழுத்துக் கூட்டத் தெரிந்த எவரும் ஆடலாம். ஆனால் அரை மணி நேரத்தில் சலித்துவிடுகிறது.

பேரன் கொண்டுவந்திருந்தவற்றுள் ஒன்று ஊனோ. 1971இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துநர் உருவாக்கிய ஆட்டம் அது. நிறத்துக்கு நிறம், எண்ணுக்கு எண் என்று போட்டுக்கொண்டே போக வேண்டும். படிப்பறிவு வேண்டியதில்லை, படங்கள் பெரியவை, ஐந்து நிமிடத்தில் கற்கலாம். ராஜா ராணி படங்கள் அதில் இல்லாமையால் பெரியும்மாவின் எதிர்ப்பும் தளர்ந்தது. "இது அந்தச் சீட்டு இல்லல்ல?" என்று இருமுறை உறுதி செய்துகொண்டு அவரும் அமர்ந்தார். பேரன் தன் பாட்டியின் தலையில் நான்கு சீட்டைக் கூட்டிவிட்டுக் குதித்தான். அடுத்த சுற்றிலேயே அவர் அவனுக்குத் திருப்பித் தந்தார். எல்லோரும் சிரித்தோம்.

ஆயினும் ஒன்றைக் கவனித்தோம். ஒரு மணி நேரம் ஆடியும் பாட்டியும் பேரனும் ஒரு சொல்லேனும் பேசிக்கொள்ளவில்லை. நிறமும் எண்ணும் பேச்சின் வேலையைச் செய்துவிட்டன. முன்பின் அறியாத அந்நியருக்கிடையே இது பெரும் வசதி. பேசப் பழக வேண்டிய குடும்பத்துக்கோ இதுவே குறை. நாம் தேர வேண்டிய ஆட்டத்துக்குரிய அளவுகோல் அப்போதுதான் எங்களுக்குக் கிட்டிற்று. எளிதாக இருக்க வேண்டும், எவரையும் தொடக்கத்திலேயே வெளியேற்றலாகாது, எவரையும் இழிவுபடுத்தலாகாது. இவற்றோடு, ஆடுவோர் ஒருவரையொருவர் அழைத்துப் பேசியே தீரவேண்டும்.

'மாமி' என்ற சொல்லால் வந்த குழப்பம்

பேரனிடம் இரண்டாவது கட்டு ஒன்றும் இருந்தது. 'ஏழு குடும்பங்கள்' என்பது அதன் பெயர். பிரெஞ்சுக் குழந்தைகள் வழிவழியாக ஆடுவது. ஏழு குடும்பங்கள், குடும்பத்துக்கு ஆறு பேர், ஆக 42 சீட்டுகள். பாட்டன், பாட்டி, தந்தை, தாய், மகன், மகள் என்பவரே அந்த அறுவர். எதிரில் இருப்பவரிடம், இன்ன குடும்பத்து இன்னாரைத் தருக என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அவரிடம் இருந்தால் தந்தே ஆகவேண்டும். ஒரு குடும்பம் முழுதும் சேர்ந்தால் அதைப் பாயில் வைக்கலாம்.

பேரன் பெரியும்மாவைப் பார்த்து, "மாமி" என்று கேட்டான். அவர் சிரித்துவிட்டார். "நான் உனக்கு மாமி இல்லடா. உங்க உம்மாவுக்குத்தான் நான் மாமி" என்றார். பையன் விழித்தான். பிறகுதான் தெரிந்தது, பிரெஞ்சுக் குழந்தைகள் பாட்டியைச் செல்லமாக அழைக்கும் சொல்லும் நம் காதுக்கு 'மாமி' என்றே ஒலிக்கிறது என்பது. இரண்டு வாரங்களாக அவன் அவரை அழைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவர் அதை அழைப்பாகவே எண்ணவில்லை!

அதன் பின்னர் பெரியும்மா அக்கட்டைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா குடும்பம்? சாச்சா எங்க? மாமா எங்க? லாத்தா, நானா யாரையும் காணோமே. இவங்க வீட்டுக் கல்யாணத்துல யாரு நின்னு வேலை பாப்பா?" என்று கேட்டார். இலக்கணம் படித்தோர் பலர் அங்கு இருந்தோம். எவருக்கும் தோன்றாத வினா அது. பிரெஞ்சு மொழியில் வாப்பாவின் தம்பியும் உம்மாவின் அண்ணனும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவர். ஆங்கிலத்திலும் அவ்வாறே. நம் மொழியிலோ சாச்சா வேறு, மாமா வேறு. சொல் வேறாவதால் உரிமையும் கடமையும் வேறாகின்றன. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் மட்டுமா இவற்றை இழந்து வருகின்றனர்? சென்னையிலும் காரைக்காலிலும் நம் பிள்ளைகள் எல்லோரையும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று அழைப்பதை நாம் நாளும் கேட்கிறோம்.

நாற்பத்தெட்டு அட்டைகள்

அன்று மாலையே நாங்கள் ஒரு கட்டைச் செய்தோம். வீட்டில் கிடந்த பழைய திருமணப் பத்திரிகைகளின் தடித்த அட்டைகளை ஒரே அளவாக வெட்டினோம். காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், தரங்கம்பாடி, திருமலைராயன்பட்டினம், போலகம் என்று ஆறு வீடுகள். வீட்டுக்கு எட்டு உறவுகள்: வாப்பா, உம்மா, சாச்சா, சாச்சி, மாமா, மாமி, நானா, லாத்தா. ஆக 48 சீட்டுகள். எண்மர் அமர்ந்தால் தலைக்கு ஆறு. பன்னிருவர் அமர்ந்தால் தலைக்கு நான்கு. எழுத்தைப் பெரிதாக எழுதி, வீட்டுக்கொரு நிறத்தில் ஓரத்தில் கோடிட்டோம். கண் மங்கியவருக்கு எழுத்தும், எழுத்தறியாத சிறுவருக்கு நிறமும் உதவும். பாட்டிக்கும் சீட்டு எழுதலாமா என்று கேட்டபோது பெரியும்மா, "நான்தான் இங்கேயே உக்காந்திருக்கேனே, எனக்கு எதுக்குச் சீட்டு?" என்று சொல்லிவிட்டார்.

விதிகள் சில. தன்னிடம் எந்த வீட்டுச் சீட்டு ஒன்றேனும் உள்ளதோ அந்த வீட்டாரையே கேட்கலாம். கேட்டது கிடைத்தால் மீண்டும் கேட்கலாம். கிடைக்காவிடில் கேட்கப்பட்டவருக்கு முறை போகும். கையில் சீட்டு தீர்ந்தவர் வெளியேற வேண்டா. சிறுவர் ஒருவருக்குத் துணையாக அமரலாம். இவற்றோடு நாங்கள் சேர்த்த விதி ஒன்று உண்டு. எதிரில் இருப்பவரை உறவு முறை சொல்லி அழைத்த பின்னரே கேட்க வேண்டும். மூத்தவரிடம் 'கொடுங்க', இளையவரிடம் 'கொடு'. தவறினால் முறை போய்விடும்.

இந்தக் கடைசி விதி பேரனுக்கு விளங்குமோ என்று ஐயுற்றோம். முதலில் விளங்கியது அவனுக்கே. பிரெஞ்சு மொழியிலும் மரியாதைக்கு ஒரு முன்னிலைச் சொல்லும் நெருக்கத்துக்கு வேறொரு முன்னிலைச் சொல்லும் உள்ளன அல்லவா? அவன் தடுமாறியது உறவுப் பெயர்களில்தான். தன் வாப்பாவின் தங்கையை என்னவென்று அழைப்பது, உம்மாவின் தம்பியை என்னவென்று அழைப்பது என்று ஒவ்வொரு முறையும் பெரியும்மாவின் காதில் கேட்டுக்கொண்டு, பிறகு உரக்கச் சொன்னான். அவர் மெல்லச் சொல்லிக் கொடுத்தார். பேச்சுத் தமிழ் வராத பிள்ளையும் பிரெஞ்சு தெரியாத மூதாட்டியும் அன்று மாலை முழுதும் ஒருவர் காதோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தனர்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். அவ்வாறு முடியவில்லை. பதினாறு வயதுப் பேத்தி முதற் சுற்றோடு எழுந்து கைப்பேசியோடு மாடிக்குச் சென்றுவிட்டாள். திரும்பி வரவேயில்லை. இருவருக்கிடையே யார் முதலில் கேட்டது என்ற வழக்கும் மூண்டது. எங்கள் சாச்சா ஒருவர் கொண்ட கொள்கையினால் சீட்டு என்ற பெயருடைய எதையும் தொடாதவர். அவரை வற்புறுத்தவில்லை, வழக்குத் தீர்க்கும் நடுவராக நாற்காலியில் அமர்த்தினோம். அவர் தீர்ப்பு மறுக்கப்படவில்லை. அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கிய ஆட்டத்தை மஃரிபு பாங்கு கேட்டதும் முதலில் நிறுத்தச் சொன்னவரும் அவரே.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வினாவும் விடையுமாகக் கூடிப் பேசி அறிவு வளர்ப்பது நம் மரபுக்குப் புதியதன்று. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் அரங்கேற்றிய 'ஆயிரம் மசலா' வினாவிடை வடிவில் அமைந்தது. இன்று கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழமையானவற்றுள் அதுவும் ஒன்று. மசலா என்ற இலக்கிய வகையே கேட்பதையும் விடை சொல்வதையும் அடிப்படையாகக் கொண்டது. ஒருவர் கேட்க மற்றவர் விடை தரும் சீட்டு ஆட்டத்தை அதன் எளிய வீட்டு வடிவம் என்று கருதுவதில் பிழையில்லை.

ஆதலின் நம் துறை மாணவ மாணவியருக்கு ஒன்று சொல்வோம். அடுத்த விடுமுறையில் உங்கள் ஊருக்குச் செல்லுங்கால் பழைய பத்திரிகை அட்டைகளை வெட்டி உங்கள் வீட்டு வழக்கில் ஒரு கட்டு எழுதுங்கள். நம் பக்கத்தில் அண்ணனை நானா என்கிறோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் காக்கா என்கின்றனர். லாத்தா என்பது சில ஊர்களில் ராத்தா ஆகிறது. பிற சமயத்து மாணவர் தத்தம் வீட்டின் அத்திம்பேரையும், அம்மங்காவையும், சித்தியையும், பெரியப்பாவையும் எழுதட்டும். எழுதும்போது எவரிடம் கேட்டறிய வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டின் மூத்த பெண்மணியிடம் சென்று அமர்ந்தாலன்றி அக்கட்டு முழுமை பெறாது. திரும்பி வரும்போது அவற்றைத் துறைக்குக் கொண்டு வாருங்கள். ஓர் ஆண்டில் இவ்வட்டாரத்து உறவுச் சொல் அகராதி ஒன்றுக்குரிய பொருள் நம் மேசை மீது குவிந்துவிடும். முன்னர் எம்.ஃபில். ஆய்வுக்கு அலைந்து திரட்டியதையும் விஞ்சும் வளம் அதில் இருக்கும் என்று நம்புகிறோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் நம் விண்ணப்பம் இதுவே. இளையோர் பேசுவதில்லை என்று வருந்துகிறோம். 'பேசு' என்று ஆணையிட்டால் எவரும் பேசார். பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டும். பந்தயமற்ற, நேரம் வரையறுத்த, மூத்தோர் நடுவிருக்கும் விளையாட்டு அக்காரணத்தைத் தருமாயின் அதைச் சூதென்று தள்ளிவிடலாகாது. சூதைக் கண்டு அஞ்சிய எங்கள் பெரியும்மாவே அவ்வேறுபாட்டை ஒரு மாலையில் கண்டுகொண்டார்.

அந்த நாற்பத்தெட்டுச் சீட்டுகளும் இப்போது போலகத்து வீட்டில் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. பேரன் பிரான்சுக்குத் திரும்பிய மறுநாள் பெரியும்மா எங்களை அழைத்து இன்னொரு சீட்டு எழுதித் தரச் சொன்னார். என்ன எழுதுவது என்று கேட்டோம். "பிரான்சு மாமின்னு எழுதுங்க. அவன் வாயில அதுதானே வருது" என்றார். அது எந்த வீட்டிலும் சேராத சீட்டு. யார் கைக்கு வருகிறதோ அவரே முதலில் கேட்கலாம் என்று விதி வகுத்திருக்கிறோம். அடுத்த ஆகஸ்டில், இறைவன் நாடினால், அதை வைத்து ஆடிப் பார்ப்போம்.